ஏட்டின் அமைப்பும் சித்திரத்தின் அசைவும்

யாழ்ப்பாணத்து வீடொன்றிலே பிள்ளை உயர்தரப் பரீட்சையில் தேறிவிட்டால், அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: வைத்தியமா, பொறியியலா? இரண்டுக்கும் இடமில்லையென்றால், கணக்கியலோ சட்டமோ என்று பேச்சு இறங்கிவரும். அந்த வேளையிலே, "நான் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கப்போகிறேன்" என்று பிள்ளை சொல்லுமாயின், வீட்டிலே சிறிது நேரம் ஒருவரும் வாய் திறவார். சித்திரம் ஓய்வு வேளைக்குரிய பொழுதுபோக்கு, அதைப் படித்து எந்த உத்தியோகத்துக்குப் போவது என்று பெரியோர் கவலை கொள்வர். அக்கவலை குற்றமன்று, பிள்ளையின் நல்வாழ்வை எண்ணி எழுவதுதான் அது. ஆயினும், அந்தப் படிப்பு எதனைக் கற்பிக்கின்றது என்று அறிந்த பின்னர்க் கவலைப்படுவதே முறை.

நேயர்களே, அதனை அறிவதற்கு ஒரு மாணவியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவளுக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் இன்று பட்டப்படிப்புக்குரிய பாடமாய் உள்ளன. அவளைப் போன்ற மாணவர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். அவளுக்கு இரண்டு செயல்முறைப் பயிற்சிகள் தரப்படுகின்றன. ஒரு நிமிடம் ஓடக்கூடிய சலனச் சித்திரம் ஒன்றை வரைவது முதலாவது. 48 பக்கங்கொண்ட சஞ்சிகையொன்றைப் பக்கம் பக்கமாய் அமைப்பது இரண்டாவது. முதலாவது கடினம், இரண்டாவது இலேசு என்று அவள் எண்ணுகின்றாள். இரண்டையும் முடிக்கும்போது அவளுடைய எண்ணம் வேறாகிவிடுகின்றது. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பாதிகள் என்று அவள் உணர்கின்றாள். அந்தப் பாடம் யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதற்கண், வடிவமைப்பு என்றால் என்ன? அழகு செய்வதே வடிவமைப்பு என்று பலரும் எண்ணுகின்றனர். 1958ஆம் ஆண்டிலே, சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினர். வடிவமைப்புக் கல்வியை இந்தியாவில் எவ்வாறு தொடங்குவது என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததென அவர்கள் வியந்து எழுதியது கோபுரத்தையுமன்று, அரண்மனையையுமன்று. தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பை. எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், நிறைந்திருக்கும்போது எடை எப்படி இருக்கும், இடுப்பிலே எவ்வாறு பொருந்தும், ஊற்றும்போது நீர் எவ்வாறு விழும், விலை என்ன என்பனவெல்லாம் தலைமுறை தலைமுறையாய் எண்ணி எண்ணி உருவான பொருள் அது என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையின் பயனாக 1961ஆம் ஆண்டிலே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விளக்கச் செம்புவரைக்குஞ் செல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளிலே இருந்த மூக்குப்பேணியை எண்ணிப் பார்த்தால் போதும். பேணியின் விளிம்பிலே உதடு படாமல் அருந்தவேண்டும். ஒரே பேணியைப் பலர் பயன்படுத்தவேண்டும். நீர் முகத்திலே கொட்டாமல் மெல்லிய தாரையாய் வாயில் விழவேண்டும். இம்மூன்று தேவைகளுக்கும் கிடைத்த ஒரே விடை அந்தச் சிறிய மூக்கு. அது அழகாகவும் இருக்கின்றது. ஆனால் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. அருந்துபவரை முன்னே நிறுத்தி, பொருளைப் பின்னே நிறுத்தி எண்ணுவதே வடிவமைப்பு. நம் மாணவி முதலாண்டிலே இதனைக் குறிப்பேட்டில் எழுதி மனனமும் செய்துவிட்டாள். மனனம் செய்ததை உணர்வதற்கு அவளுக்கு இரு பயிற்சிகளும் வேண்டியிருந்தன.

முதற் பயிற்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் துலா. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடி நீரே உயிர்நீர். நீரிறைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் தந்தது துலாவேயாம். நீண்ட மரமொன்று ஆடுகாலின்மேல் ஏறியிறங்கும். அதன்மேல் நின்று துலா மிதிப்பவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றை நோக்கி அவர் நடந்தால் மரத்தின் முனை தாழ்ந்து, இறைக்கும் பட்டை நீருக்குட் செல்லும்; பின்னோக்கி நடந்தால் முனை உயர்ந்து பட்டை நீருடன் மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை வாய்க்காலுக்குக் கவிழ்ப்பார். மாணவி துலா மிதிப்பதை நேரிற் கண்டவளல்லள். பழைய புகைப்படங்களிலே கண்டவள். அவளுடைய பாட்டனாரோ இளமையிலே துலா மிதித்தவர்.

சலனச் சித்திரத்தின் கணக்கு எளியது, உழைப்போ பெரிது. திரையிலே ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை காட்டுவது வழக்கமாதலால், 720 சித்திரங்கள் வரைந்தாற் போதும். முதலிலே அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய முதன்மைச் சித்திரங்கள் வரையப்படும். பின்னர் அவற்றுக்கு இடையே வரும் இடைச் சித்திரங்கள் நிரப்பப்படும். முற்காலத்தில் அடியிலே விளக்கெரியும் கண்ணாடிப் பலகையின்மேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்தனர். இன்று கணினித் திரையிலே அதனைச் செய்கின்றனர். முன்னைய சித்திரம் மங்கலாகத் தெரிய, அடுத்ததை அதன்மேல் வரைவதே இரண்டிலும் முறை.

மாணவி பட்டையை நீர்மட்டத்திலே ஒருமுறை வரைந்தாள். கிணற்றின் வாயிலே ஒருமுறை வரைந்தாள். இடையிலுள்ள தூரத்தைச் சமபாகங்களாகப் பிரித்து இடைச் சித்திரங்களை நிரப்பினாள். கோடுகள் தெளிவாய் இருந்தன. மரத்தின் கணு முதலாய் எல்லாம் பிழையின்றி அமைந்தன. ஓடவிட்டுப் பார்த்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. அது இன்னதென்று அவளுக்குப் புலப்படவில்லை. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த பாட்டனாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இருமுறை பார்த்தார்.

"பட்டைக்குள்ளே தண்ணி இல்லைப் பிள்ளை" என்றார்.

"தண்ணி கீறியிருக்கிறேனே அப்பு, நீலமாய்த் தெரியவில்லையா?" என்றாள் அவள்.

"கீறியிருக்கிறாய், சரி. ஆனால் பாரம் இல்லை" என்றார் அவர்.

பின்னர் அவர் தமது கையாலேயே விளக்கினார். நீருள் அமிழ்ந்த பட்டை உடனே எழுவதில்லை. மிதிப்பவர் பின்னோக்கிக் காலெடுத்து வைத்ததும் மரம் முதலிலே சற்று வளையும், கொடி இறுகும், பட்டை நீர்ப்பரப்பிலே ஒரு கணம் தயங்கும், நீரின் பிடி விட்டதும் எழும், மேலே வந்ததும் ஒருமுறை ஆடி அடங்கும். இறங்கும் பட்டை வேறு, ஏறும் பட்டை வேறு. அன்றிரவு மாணவி இடைச் சித்திரங்களை அழித்து மீண்டும் வரைந்தாள். பட்டை நீரை விட்டெழும் இடத்திலே சித்திரங்களை மிக நெருக்கமாக வைத்தாள்; எழுந்த பின்னர் இடைவெளியை அகலமாக்கினாள்; மேலே வந்ததும் மீண்டும் நெருக்கினாள். சித்திரங்களின் தொகை மாறவில்லை. பட்டையின் உருவமும் மாறவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே மாறியது. பட்டையிலே தண்ணீர் வந்துவிட்டது.

இது மாணவி கண்ட புதுமையன்று. இக்கலையின் அடிப்படையே இதுதான். ஸ்கொத்லாந்திலே பிறந்து கனடாவின் தேசியத் திரைப்பட சபையிலே பணியாற்றிய நோர்மன் மக்லாரன் என்னும் கலைஞர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நிகழ்வதே ஒவ்வொரு படத்திலும் இருப்பதைவிட முக்கியமானது என்று கருதியவர். அவருடைய 'அயலவர்' என்னும் குறும்படம் 1952ஆம் ஆண்டிலே வெளிவந்து ஒஸ்கார் பரிசும் பெற்றது. அந்தப் புகழுக்கு முன்னரே, 1949ஆம் ஆண்டிலே, யுனெஸ்கோ நிறுவனத்தின் சார்பிலே அவர் சீனாவுக்குச் சென்று, கிராமத்தவர்க்குச் சுகாதாரத்தைச் சித்திரங்களால் எடுத்துரைக்கும் முறையை அங்குள்ள ஓவியர்க்குக் கற்பித்தார். எழுத்தறியாத தாய்க்கும் விளங்கவேண்டும் என்னும் நோக்கம் அங்கே ஓவியனுக்கு ஆசானாயிற்று.

இக்கலையின் வரலாறும் சுருக்கமாய்க் கேட்கத்தக்கதே. 1832ஆம் ஆண்டிலே பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி யோசப் பிளத்தோ, சுழலும் வட்டத்தட்டிலே தொடர்ச் சித்திரங்களை வரைந்து, அவை அசைவதுபோற் கண்ணுக்குத் தோன்றச் செய்தார். 1908ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான எமில் கோல், ஏறக்குறைய 700 சித்திரங்களை வரைந்து, இரண்டு நிமிடத்துக்குட்பட்ட படமொன்றை ஆக்கினார். அமெரிக்கப் பத்திரிகை ஓவியரான வின்ஸர் மக்கே ஆயிரக்கணக்கான சித்திரங்களைக் கொண்டு 1914ஆம் ஆண்டிலே ஒரு பழங்கால விலங்கைத் திரையிலே நடக்கவும் அழவும் வைத்தார். இந்தியாவிலே 1956ஆம் ஆண்டு, டிஸ்னி நிறுவனத்திலே பணிபுரிந்த கிளயர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்து அரசாங்கத்தின் திரைப்படப் பிரிவிலே இளைஞரைப் பயிற்றினார். அதன் விளைவாய் 1957ஆம் ஆண்டிலே புத்தரின் முற்பிறப்புக் கதையொன்று சலனச் சித்திரமாயிற்று.

இவர்களுள் வின்ஸர் மக்கே நம் மாணவிக்கு இரட்டிப்பாகப் பயன்பட்டார். சலனப்படம் வரைவதற்கு முன்னரே, 1905ஆம் ஆண்டு முதல், அவர் நியூயோர்க்குப் பத்திரிகையிலே ஒரு சிறுவனின் கனவுகளை முழுப்பக்கச் சித்திரத் தொடராக வரைந்து வந்தார். சித்திரக் கட்டங்கள் யாவும் ஒரே அளவினவாய் இருக்கவேண்டும் என்ற வழக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. கனவிலே சிறுவனுடைய கட்டிலின் கால்கள் நீண்டு வளரும்போது, அப்பக்கத்தின் கட்டங்களும் அவற்றோடு நீண்டு வளரும். பக்கத்தை அமைத்த கையும் சித்திரத்தை அசைத்த கையும் ஒன்றே. திரையிலே காலத்தைப் பங்கிடுகின்ற கலைஞன், தாளிலே இடத்தைப் பங்கிடுகின்றான். இந்த எண்ணத்தோடுதான் மாணவி இரண்டாம் பயிற்சிக்கு வந்தாள்.

இரண்டாம் பயிற்சி இலேசென்று அவள் எண்ணியதற்குக் காரணம் கணினி. பக்கங்களின் மாதிரி அமைப்புகள் அதிலே ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. அழகிய வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றின் மாதிரியை அவள் எடுத்தாள். மூன்று ஒடுக்கமான பத்திகள், சிறிய எழுத்து, வரிகளுக்கிடையே சிறிய இடைவெளி. ஆங்கில எழுத்துக்களை எடுத்துவிட்டுத் தமிழைப் பெய்தாள். பக்கம் உடனே கெட்டுவிட்டது.

ஏன் கெட்டது? 'பல்கலைக்கழகத்திலிருந்து' என்னும் ஒரு சொல்லிலே 14 எழுத்துக்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதனை மூன்று சிறு சொற்களாகப் பிரித்து எழுதுவர். தமிழோ வேற்றுமையுருபையும் இடைச்சொல்லையும் பெயரோடு சேர்த்து ஒரே சொல்லாக்கிவிடும். ஒடுக்கமான பத்தியிலே அத்தகைய சொல் ஒன்று வந்தால், அது அடுத்த வரிக்கு ஓடிவிடும். எஞ்சிய இரண்டு சொற்களும் வரியை நிரப்ப இழுபட்டு, இடையிலே பெரும் பள்ளங்கள் தோன்றும். இதுவன்றி, தமிழிலே இகர ஈகார விசிறிகள் மேலே எழும்; உகர ஊகாரச் சுழிகள் கீழே தொங்கும். வரிகளை ஆங்கிலத்துக்குரிய அளவில் நெருக்கினால், மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். பாட்டனாரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து பார்த்தார். பின்னர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசிக்க முடியாத பக்கத்துக்கு வாசகர் தரும் விமரிசனம் அதுதான்.

மாணவி பழைய ஏடுகளைத் தேடிச் சென்றாள். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் படியெடுக்கப்பட்டு, எவரும் பார்க்கக்கூடியனவாய் இருக்கின்றன. அவற்றைப் புரட்டியபோதுதான், தான் எதிர்கொண்ட சிக்கலைத் தனக்கு முன்னே பலர் எதிர்கொண்டு தீர்த்திருக்கின்றனர் என்பதை அவள் அறிந்தாள்.

அச்சுக்கு முன்னர் இருந்தது பனையோலை. ஓலையின் குறுக்களவு சிறிது, நீளம் பெரிது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்தில்லா இடம் விட்டு எழுதினர் ஏடெழுதுவோர். அதுவும் ஒரு பக்க அமைப்பே. பின்னர் அச்சு வந்தது. அதன் வரவே ஒரு போராட்டமாயிற்று. 1820ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் கரட் என்னும் அமெரிக்க அச்சாளர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அன்றைய ஆங்கிலேய அரசாட்சியினர் அவர் இங்கே தங்குவதற்கு அனுமதி மறுத்துவிட்டனர். அவர் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. அமெரிக்க மிசனுக்கென்று முழுநேர அச்சாளர் ஒருவர் 1834ஆம் ஆண்டிலேதான் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே அச்சுக்கூடம் இயங்கலாயிற்று. 1841ஆம் ஆண்டு சனவரியிலே 'உதயதாரகை' பிறந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்ற ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் இருவரும் அதன் ஆசிரியர்களாய் விளங்கினர். தமிழும் ஆங்கிலமும் அதிலே ஒரே தாளை பங்கிட்டுக்கொண்டன.

நல்லூரிலே யோசப் நைற் என்பவர் தொடங்கிவைத்த அகராதி வேலை, உடுவிலிலே வாழ்ந்த மிரன் வின்சிலோவின் கைக்கு வந்து, 1862ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சேறியது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருநூலை ஒரே தொகுதியில் அடக்குவதற்கு, சிறியனவாயினும் தெளிவான தமிழெழுத்துக்கள் வேண்டியிருந்தன. அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பவர் அத்தகைய எழுத்துக்களை வார்ப்பித்தார். ஆறுமுக நாவலரோ 1849ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவினார். பாலபாட நூல்களிலே சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு, சிறுபிள்ளையும் தடையின்றி வாசிக்குமாறு பதிப்பித்தார். ஒருவர் அகராதி தேடுவோரை எண்ணினார். மற்றவர் அரிச்சுவடி கடந்த பிள்ளையை எண்ணினார். இருவர் பக்கங்களும் வெவ்வேறு தோற்றமுடையன. எண்ணிய முறை ஒன்றே.

ஈயவெழுத்துக் காலத்தைப் பற்றி அறிந்த செய்தியொன்று மாணவியைப் பெரிதும் கவர்ந்தது. அக்காலத்திலே அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்துக் கோப்பார். சொற்களுக்கிடையே வெற்றிடம் வேண்டுமானால், அது தானே வந்துவிடாது. எழுத்தில்லாத சிறு ஈயத்துண்டொன்றை எடுத்து அங்கே வைக்கவேண்டும். இரண்டு வரிகளுக்கிடையே இடம் வேண்டுமானால், மெல்லிய ஈயத்தகடொன்றைச் செருகவேண்டும். ஆகவே, வெற்றிடத்துக்கும் எடை இருந்தது, விலை இருந்தது, அதனைத் தாங்கும் கை இருந்தது. துலாவின் பட்டையிலே தண்ணீரின் பாரம் சித்திரங்களின் இடைவெளியில் இருந்தது போலவே, பக்கத்தின் தெளிவும் எழுத்துக்களின் இடைவெளியிலே இருந்தது. இரு பயிற்சிகளும் ஒன்றென்று அவள் கண்டது இந்த இடத்திலேதான்.

பின்னர் அவள் இருபதாம் நூற்றாண்டின் இதழ்களைப் புரட்டினாள். 1930ஆம் ஆண்டிலே நா. பொன்னையா சுன்னாகத்திலே தொடங்கிய 'ஈழகேசரி', 1966ஆம் ஆண்டிலே டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' என வரிசையாய்ப் பார்த்தாள். படைப்பாளரின் உருவப்படத்தை அட்டையிலே தாங்கிவந்த 'மல்லிகை'யிலே, மதிக்கப்படுபவர் யார் என்பதை அட்டையின் அமைப்பே சொல்லிவிட்டது.

அவளை அதிகநேரம் நிறுத்திவைத்தது 'சிரித்திரன்'. அதன் ஆசிரியர் கரவெட்டியைச் சேர்ந்த சிவஞானசுந்தரம். 'சுந்தர்' என்ற பெயரால் அறியப்பட்டவர். 1924ஆம் ஆண்டிலே பிறந்த அவர், கட்டடக்கலை பயிலவென்று பம்பாய்க்குச் சென்றார். வீடுகளை வரையச் சென்றவர், மனிதரை வரையும் கேலிச்சித்திரக்காரராய்த் திரும்பினார். 'தினகரன்' வாசகர்க்கு அவர் அறிமுகம் செய்த சவாரித்தம்பர், யாழ்ப்பாணத்து மனிதருள் ஒருவராகவே ஆகிவிட்டார். அறுபதுகளின் முற்பகுதியிலே கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்', பின்னர் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் வெளிவந்தது. அவர் 1996ஆம் ஆண்டிலே காலமானார். அவருடைய சித்திரங்களிலே கோடுகள் சில, சொற்களும் சில. எஞ்சியதை வாசகரே நிரப்பிச் சிரித்தனர். வாசகர் நிரப்புவதற்கு இடம்விடத் தெரிந்தவருக்கே நகைச்சுவை கைவரும். கட்டடக்கலை கற்கச் சென்றவர்க்கு, சுவரைவிட வாசலும் முற்றமுமே வீட்டை வாழத்தக்கதாக்கும் என்பது விளங்கியிருந்தது போலும்.

இவ்வேடுகள் நமக்குக் கிடைப்பது இயல்பான செயலன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவிலும் அடுத்த நாளிலும் யாழ்ப்பாணத்திலே தீ எரிந்தது. பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் ஓலைச்சுவடிகளோடு அழிந்தன. 'ஈழநாடு' பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடையாதபோது, குடாநாட்டுப் பத்திரிகைகள் மாணவரின் அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் அச்சாகின. தாள் அருகிய காலத்திலே பக்கம் அமைப்பவன் செய்யும் வேலை யாது? எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம், எந்த எழுத்து எவ்வளவு சிறிதானாலும் வாசிக்கலாம், மரண அறிவித்தலொன்றை எங்கே வைத்தால் உறவினர் கண்ணிலே தவறாது படும் என்று அவன் எண்ணியாக வேண்டும். அங்கே அலங்காரத்துக்கு இடமில்லை. இருக்கும் இடத்தை நீதியாய்ப் பங்கிடுவது ஒன்றே கலை. அந்தப் பக்கங்களை வடிவமைப்பின் பாடநூல்களாகவே மாணவர் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் கண்ட பின்னர் மாணவி தன் சஞ்சிகையை முதலிலிருந்து தொடங்கினாள். மூன்று பத்திகளை இரண்டாக்கினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், வரிகளுக்கிடையே மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் முட்டாத அளவுக்கு இடம்விட்டாள். வலது ஓரத்தை இழுத்து நிரப்பாமல், சொற்கள் முடிந்த இடத்திலே வரியை முடியவிட்டாள். பள்ளங்கள் மறைந்தன. கட்டுரைகளுக்கு இடம் போதவில்லை. ஆகவே சில படங்களைச் சிறிதாக்கினாள். அவளுக்கு மிகவும் பிடித்த அலங்காரக் கரையொன்றை முழுதாய் நீக்கினாள். அதனை நீக்கத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

முடிவிலே ஒரு சிறு வேலை செய்தாள். 48 பக்கங்கொண்ட சஞ்சிகையிலே 24 தாள்கள் இருக்கும். ஒவ்வொரு தாளின் வலப்பக்க மூலையிலும் துலாச் சித்திரங்களுள் ஒன்றைச் சிறிதாய்ப் பதித்தாள். ஒரு விநாடிக்குத் திரையிலே ஓடும் 24 படங்கள் அவை. பெருவிரலால் தாள்களை விரைவாய் விடுவித்தால், பட்டை நீரைவிட்டுத் தயங்கி எழும். சஞ்சிகையை அவள் பாட்டனாரின் கையிலே கொடுத்தாள். அவர் முதலிலே கட்டுரையொன்றை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே வாசித்தார். பின்னர் மூலையிலிருந்த சித்திரத்தைக் கண்டு, பெருவிரலால் தாள்களை விட்டுப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

"இப்ப தண்ணி இருக்குது பிள்ளை" என்றார்.

நேயர்களே, துலா மிதித்தவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டனர். துலாவின் உருவத்தைப் புகைப்படம் காத்துவைக்கும். அளவுகளை நூல்கள் காத்துவைக்கும். நீருடன் எழும் பட்டை எந்தக் கணத்திலே தயங்கும் என்பதை, அதனை உடலால் அறிந்தவர் சொல்ல, பொறுமையோடு கேட்டு வரைபவர் காக்கவேண்டும். இடைச் சித்திரங்களைக் கணினி இன்று தானே நிரப்பித் தருகின்றது. பக்கங்களையும் அது தானே அமைத்துத் தருகின்றது. அது நல்ல உதவியே. ஆயினும், பட்டையிலே பாரம் இல்லை என்பதைக் கணினி தானாக உணர்ந்து சொல்வதில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்த முதியவரின் முகத்தையும் அது பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அப்படிப் பார்க்கப் பழக்குவதே இப்படிப்பு.

ஆகவே, சித்திரமும் வடிவமைப்பும் படிக்க விரும்பும் பிள்ளையிடம், "என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்கட்டும், அது கேட்கவேண்டிய கேள்வியே. அதனோடு, "யாருக்காக வரையப்போகிறாய்?" என்றும் ஒருமுறை கேட்கட்டும். பாடநூலின் பக்கத்தையும், மருந்துப் போத்தலின் மேலுள்ள தாளையும், பேருந்திலே ஊர்ப்பெயர் தாங்கிய பலகையையும், பிள்ளைகள் பார்க்கும் படத்தையும் யாரோ ஒருவர் அமைக்கத்தான் போகின்றார். அவர் தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்தவராயும், வாசிப்பவரின் கண்ணை எண்ணுபவராயும் இருத்தல் நமக்கு வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளையிடம் நல்ல விடையொன்று இருக்குமானால், அந்தப் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.